மூன்றாம் மாடி சிமிட்டு சார்

"சிமிட்டுங்க. இன்னொரு தடவை. இப்ப நல்லா முழிங்க. அந்தப் பச்சைப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. மூச்சு விடலாம், அதுக்கு யாரும் தடை போடலை."

நாளொன்றுக்கு அறுபது பேரிடம் இதையே சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் சிமிட்டு சார்தான். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு ஸ்கேன் மெஷின், முகவாய் வைக்க ஒரு தாங்கி, சுற்ற மறுக்கும் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு உருளை நாற்காலி. கண்ணின் பின்சுவரில் பரவியிருக்கும் நரம்பிழைகளின் கனத்தை அளப்பது அவர் வேலை. பச்சை வந்தால் சரி, மஞ்சள் வந்தால் சந்தேகம், சிவப்பு வந்தால் இழைகள் மெலிந்துவிட்டன. நோயாளி சிமிட்டாமல் பார்க்கும் அந்த ஐந்தாறு விநாடியும் இவரும் சிமிட்டுவதில்லை. எதற்கென்று கேட்டால், "பழக்கம், விடுங்க" என்பார். சாயங்காலத்துக்குள் கண் இரண்டும் எரியும். அண்ணாந்து சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, "அத்தனை பேர் கண்ணையும் பார்த்துப் பார்த்து என் கண்ணு போச்சு" என்று முனகுவார். பாவம், அதைக் கேட்கவும் மெஷினைத் தவிர ஆளில்லை.

தாங்கியிலிருந்து முகவாயை எடுத்ததும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எப்படி இருக்கு? அவரிடமும் ஒரே பதில்தான். "டாக்டர் சொல்வார்." புருவம்கூட அசையாது. இந்த முகத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோகிறார். குழம்பில் உப்பு கூடவா குறைவா என்று அதில் படிக்க முடியாமல் மனைவி சலித்துப்போய்விட்டார். மூஞ்சியைப் பூட்டி சாவியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வருகிறார் என்று மகளிடம் போனில் புகார் வேறு.

பூட்டு விழுந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. துணி ஆலையின் சாயப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நூலின் நிறம் மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை அவளுக்கு. இடக்கண்ணை அசைத்தால் வலிக்கிறது, சிவப்பெல்லாம் வெளுத்துத் தெரிகிறது என்று அழுதாள். ஸ்கேன் முழுக்கப் பச்சை. மனசு கேட்காமல், "எல்லாம் பச்சைதாம்மா, ஒண்ணும் இல்லை" என்று வாயை விட்டுவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

நரம்பில் அழற்சி வந்து வீங்கியிருக்கும்போது கனம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும். வீக்கம் வடிந்த பிறகுதான் எவ்வளவு இழை போயிற்று என்று தெரியும். இது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அந்த அழுகைக்கு முன்னால் அது எங்கேயோ போய்விட்டது. நாலு மாதம் கழித்து அவள் வந்தபோது, அன்றைக்கு நூற்று நாலு மைக்ரானாக இருந்த கனம் அறுபத்தொன்றாகியிருந்தது. சுற்றிலும் சிவப்பு. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்கேன் தாளைப் பார்த்தவள், "இது ஆரஞ்சா சார்?" என்று கேட்டாள்.

அவர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த நரம்பு மெலிந்துதான் இருக்கும் என்று டாக்டர் எவ்வளவோ தேற்றிப் பார்த்தார். காதில் ஏறவில்லை. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவளோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, நாளடைவில் சாரை அண்ணாவாக்கி, ஆலைக் கதை பேசிவிட்டுப் போனாள். வலக்கண் ஒன்றை வைத்துக்கொண்டே வேலையைக் காப்பாற்றி வந்தாள். அந்தக் கண்ணின் அளவு அவருக்கு மனப்பாடம்: தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு, மறுபடி தொண்ணூற்றேழு.

போன செவ்வாய்க்கிழமை, முறை வருவதற்கு முன்பே வந்து நின்றாள். வலக்கண் இரண்டு நாளாக லேசாக வலிக்கிறதாம். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். அவர் தாங்கியை ஒருமுறை துடைத்தார், மறந்துபோய் இன்னொரு முறையும் துடைத்தார். சிமிட்டச் சொன்னார். முழிக்கச் சொன்னார்.

நூற்று இருபத்தெட்டு.

திரையில் அளக்கும் வட்டம் நரம்பைச் சுற்றிச் சரியாக உட்காரவில்லையோ என்று மறுபடி எடுத்தார். நூற்று இருபத்தேழு. மூன்றாவது தடவையும் நூற்று இருபத்தெட்டேதான். குறைந்தால் பயப்பட வேண்டிய எண் இப்படி ஏறி நின்றால் அது வீக்கம். இதே வீக்கத்தைத்தான் அன்றைக்குப் பச்சை என்று வாசித்தார்.

அவள் முகவாயை எடுத்துத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு எங்கேயும் இல்லையே அண்ணா? எண்ணுகூட ஏறித்தானே இருக்கு?"

இந்தத் தடவை டாக்டர் சொல்வார் என்று அவர் சொல்லவில்லை. வெளியே இருபத்திரண்டு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"வாம்மா. இப்பவே டாக்டர் அறைக்குள்ளே போயிடலாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வராந்தாவில் யாரோ வரிசை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சத்தம் போட்டார்கள். சிமிட்டு சார் காதில் வாங்காமல், அவளுக்குப் பார்வை மங்கிய இடப்பக்கமாகச் சுற்றி வந்து, பிடித்துக்கொள்ளும்படி முழங்கையை நீட்டினார்.