'டக்': கிள்ளானிலிருந்து காஜாங் வரை ஒரு சத்தத்தைத் துரத்தி

போன சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நானும் அக்காவும் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். காரணம், எங்கள் இருபத்திரண்டு வருடப் பழைய பிக்கப்பின் பின்பக்கத்தில் கேட்கும் ஒரு 'டக்'. வண்டி நகரும்போது ஒன்று, பிரேக் பிடித்தால் இன்னொன்று. அக்கா கேட்டரிங் சாப்பாடு கொண்டுபோவது இந்த வண்டியில்தான். மூன்று பட்டறைகளில் காட்டியாயிற்று. மூன்றிலும் ஒரே பதில்: "பழைய வண்டி லா, சத்தம் இருக்கும்." அப்பா வெறுத்துப்போய், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். வயதாகிவிட்டது என்பது ஒரு பழுதின் பெயர் அல்ல.

பெடரல் நெடுஞ்சாலை வழியாக பிரிக்பீல்ட்ஸ் முப்பத்து மூன்று கிலோமீட்டர், டோல் கிடையாது. முதலில் அங்கே நிச்சயதார்த்தச் சாப்பாடு, இருநூறு பேருக்கு; அது முடிந்ததும் காஜாங்கில் ஒரு ஸ்பிரிங் பட்டறை என்பது திட்டம். ஒவ்வொரு சிக்னலிலும் டக். பத்து இருபதுக்கு மண்டபத்தில் பாத்திரங்களை இறக்கினோம். பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்றினேன். ஒரு டக் கூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்குப் போகும் முன்பெல்லாம் அம்மா, "குப்பையோட கொண்டு போனா மதிக்க மாட்டானுங்க" என்று வண்டியைக் காலி செய்து கழுவவைப்பார். மூன்று முறையும் நான் காட்டியது சத்தமே போடாத வண்டியை.

விருந்து முடிந்ததும் நான்கு அண்டாக்களிலும் குழாய்த் தண்ணீர் பிடித்து, மூடியைக் கயிற்றால் கட்டினேன். ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோ.

"சாம்பார் அண்டால தண்ணி புடிச்சிக்கிட்டு காஜாங் போறியா? உனக்குக் கழண்டு போச்சுடா," என்றாள் அக்கா. ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள்.

காஜாங் இருபத்து நான்கு கிலோமீட்டர். டக் திரும்பி வந்துவிட்டது. மூன்றரைக்கு ஸ்பிரிங் பட்டறை. அங்கிருந்த சேகர் அண்ணன் உடனே லிஃப்டைக் காட்டினார்.

"தூக்காதீங்க அண்ணே. தூக்கினா சக்கரம் தொங்கும், பாரம் போயிடும். பள்ளத்துலேருந்து பாருங்க."

"பாஸ், பட்டறை என்னோடதா உன்னோடதா?"

"பட்டறை உங்களோடது. சத்தம் என்னோடது."

முறைத்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். அக்கா முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி கிளட்சை லேசாக விட்டாள். டக். டக்.

"நிறுத்து நிறுத்து," என்று கீழிருந்து குரல். "அச்சு நகருது. ஸ்பிரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட்டு உடைஞ்சிருக்கு. எவன் பார்த்தான் இதை?"

"மூணு பேர் பார்த்தாங்க."

"கண்ணை வீட்டுல வெச்சிட்டா?"

புது போல்ட்டு, இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து நூற்று அறுபது வெள்ளி. ஒன்றரை மணி நேரம். அண்டாக்களோடு காஜாங்கை இரண்டு சுற்று சுற்றினோம். அமைதி. அக்கா அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, அந்த ஆளை வரவேணாம்னு சொல்லுங்க. திங்கக்கிழமை எனக்கு டெங்கில்ல ஆர்டர் இருக்கு."

"பேசினது பேசினதுதான்," என்று அப்பா வைத்துவிட்டார்.

இதே பிரச்சினையோடு கிளம்புகிறவர்களுக்கு: சத்தம் வரும்போது வண்டியில் என்ன பாரம் இருந்ததோ, அதே பாரத்தோடு போங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். வீட்டில் யார் சொன்னாலும் கழுவாதீர்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இரும்புக்காரர் லோரியோடு வந்தார். வாசலில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. அக்கா ஏழு மணிக்கே டெங்கில் போய்விட்டாள்.