ஆடியில் ஏறாத பக்கங்கள்

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையிலிருந்துதான் இணையப் பக்கம் செய்யக் கற்றுத்தரும் சான்றிதழ் வகுப்பை நடத்துகிறேன். சான்றிதழ் தருவது டவுனில் உள்ள ஒரு கல்லூரி. பாடம் எழுதுவது, வீடியோ எடுப்பது, திருத்துவது எல்லாம் நான். இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் என்னைப் போலச் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். என் மூன்று வயது மகள் மதியம் தூங்கும் நேரத்தில் பாடத்தைப் பதிவு செய்வேன். முடித்ததும் சந்தேகம் வரும். வேகமாகப் பேசிவிட்டேனோ, மின்விசிறிச் சத்தம் கேட்கிறதோ என்று மறுபடி பதிவு செய்வேன். இரண்டாவதைக் கேட்டால் முதலாவதே தேவலை என்று தோன்றும்.

பாடங்களில் எனக்குப் பிடித்தது ஆறாம் பாடம். ஊரிலுள்ள ஒரு கடைக்கு இணையப் பக்கம் செய்து, அதை எல்லாரும் பார்க்கும்படி ஏற்றி, முகவரியை எனக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் சரி என்று சொல்லாமல் ஏற்றக் கூடாது என்று ஒரு விதியும் போட்டேன். நாளைக்கு யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கெடு முடிந்தபோது மூன்று பேர்தான் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருத்தி கடைக்குப் பதிலாகத் தன் வீட்டு ஆடுகளுக்குப் பக்கம் செய்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கல்லூரி முதல்வர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பாதிப் பேராவது ஆறாம் பாடத்தைத் தாண்டினால்தான் இரண்டாம் அணியாகப் புதிதாக ஆள் சேர்க்க அனுமதி, இல்லையென்றால் இத்தோடு வகுப்பு நின்றுவிடும். பாடம் புரியவில்லை, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றே முடிவு கட்டினேன். மூன்று மதியங்கள் உட்கார்ந்து ஆறாம் பாடத்தைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். பிறகு அதுவும் சரியாகப் படவில்லை. ஒருத்தியிடமாவது கேட்டுவிடலாம் என்று எம்.ரெட்டியபட்டியில் உரக்கடைக்குப் பக்கம் செய்துகொண்டிருந்த பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“என்னம்மா, பாடம் கஷ்டமா இருக்கா?”

“இல்ல டீச்சர், போன வாரமே முடிச்சிட்டேனே. வெதைப் படமெல்லாம் பளிச்சினு நிக்குது.”

“பெறகு ஏன் ஏத்தல?”

“ஆடியில்ல டீச்சர்.”

அவளே தொடர்ந்தாள்.

“கடை எங்க சின்ன மாமனாரு கடைதான். ‘ஏத்தா, ஆடியில புதுசாத் தொறந்து என் ஏவாரத்தக் கெடுக்கப் பாக்கிறியா’ன்னு கேக்குறாக. ஆவணி மொத முகூர்த்தத்துல அவுக கையாலயே பொத்தான அமுக்குவாகளாம்.”

“டவுன்ல ஆடித் தள்ளுபடின்னு கூட்டம் அள்ளுதேம்மா?”

“அது பழைய சரக்கத் தள்ளிவிட டீச்சர். இது புதுசுல்ல!” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மத்தவுகளும் இதுக்குத்தான் காத்திருக்காக. கெடுவெல்லாம் சும்மா போட்டிருப்பீக, ஆவணி வரைக்கும் கேக்க மாட்டீகன்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம்.”

போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். என் கல்யாணத்தையே ஆடி கழியட்டும் என்று தள்ளி வைத்தவர்கள் எங்கள் வீட்டார். மகளுக்குக் காது குத்தியதும் ஆவணியில்தான். பாடத்திட்டம் போடும்போது மட்டும் கணினியில் இருந்த ஆகஸ்டைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டும். ‘உள்ளூர்ச் சூழல் காரணமாக’ என்று எழுதினேன். பொய் சொல்வதுபோல் இருந்தது. அழித்துவிட்டு, ‘ஆடி மாதத்தில் கடைக்காரர்கள் சம்மதிக்கவில்லை, ஆவணியில் பத்து நாள் அவகாசம் வேண்டும்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு வகுப்பு நடத்தத் தெரியாதவள் என்று நினைப்பாரோ என்று அனுப்பிய பிறகும் உறுத்தியது.

அன்று மாலையே அவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஆடியில யாராவது கடை தொறக்கச் சொல்லுவாங்களா? என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்களையே ஆவணியில வாங்கன்னு அனுப்பிட்டேன் நான். பத்து நாள் எடுத்துக்கோங்க.”

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மகளுக்கு இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தபோது முதல் முகவரி வந்தது. அடுத்து பந்தல்குடி ரோட்டு டீக்கடை. அப்புறம் மல்லாங்கிணறு தையல் கடை. என் கைபேசி ஓயவே இல்லை. உரக்கடைப் பெண் ஒரு படமும் அனுப்பியிருந்தாள். கல்லாப்பெட்டி மேல் அவளுடைய போன், அதன் மேல் விளிம்பில் சந்தனப் பொட்டு, பக்கத்தில் உடைத்த தேங்காய், பொத்தான் மேல் சின்ன மாமனாரின் விரல். தையல் கடைப் பக்கத்தில் தொலைபேசி எண் ஓர் இலக்கம் குறைந்திருந்தது. திருத்தி அனுப்பச் சொன்னேன். மற்றபடி நான் குறைத்து எழுதிய பாடத்துக்கு வேலையே இருக்கவில்லை. அவகாசம் முடிவதற்குள் பத்தொன்பது பேர் தாண்டிவிட்டார்கள். ஆட்டுக்காரியும் சேர்த்துத்தான்.

இரண்டாம் அணிக்கு அனுமதி வந்துவிட்டது. இந்தமுறை ஆணியில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடத்திட்டம் போட்டேன். மகள் அதில் நாலைந்து தாள்களைக் கிழித்தாள். ஆறாம் பாடம் இப்போது நேராக மார்கழியில் போய் விழுந்தது. அதைத் தைக்குத் தள்ளினேன். இடையில் ஒரு மாதம் சும்மா கிடக்குமே என்று மறுபடி கவலை வந்து, உரக்கடைப் பெண்ணையே கூப்பிட்டேன்.

“மார்கழியில பழைய பக்கங்களத் திருத்துற பயிற்சி வைக்கலாமாம்மா?”

“பழசத் திருத்துறதுக்கு என்ன டீச்சர், தாராளமா வைங்க. ஆனா காலையில வைக்காதீக. கோலம் போடணும்.”

மதியம் என்று குறித்துக்கொண்டேன்.