இந்த வீட்டுப் பிள்ளைதானா?

வாசலிலேயே குனிந்து, கிடக்கிற செருப்புகளைப் புரட்டிப் பார்க்கிறாள் மோப்பக்கா. சின்னச் செருப்பின் அடி தேய்ந்திருக்கிறதா, நேற்றுதான் கடையிலிருந்து வந்ததா என்று பார்த்த பிறகே வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறாள். பட்டப்பெயரை வைத்தது ஊர். அவளுக்கும் தெரியும்; கோபமில்லை.

எங்கள் புதுநகரின் ஒரே அரசுப் பள்ளியில் அவள் எழுத்தர். மாடிக்குமேல் மாடியாக ஊர் வளர்கிறது, பள்ளி வளரவில்லை. இரண்டாவது பள்ளிக்கு ஒதுக்கிய மனையில் பெயர்ப்பலகை மட்டும் வெயில் காய்கிறது. அதனால், கால்வாய்க்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகளுக்கே இடம் என்றார்கள். சொன்னதுதான் தாமதம், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் காகிதத்தில் இந்தப் பக்கத்து மாமா, சித்தி வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். நிஜமா பொய்யா என்று நேரில் பார்ப்பது இவள் வேலை.

போகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கண் சுவரின் அடிப்பக்கத்தையே மேயும். "ஒரு கிறுக்கல்கூட இல்லையே, உங்க புள்ள என்ன சாமியாரா?" என்பாள். இதைக் கேள்விப்பட்டு ஒரு கெட்டிக்கார அப்பா தானே கிறுக்கிவைத்தார். "நாலு வயசுலயே உங்க தோள் உயரம் வளந்துட்டானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். லீவுக்கு வந்த என் அண்ணன் மகனையே ஏற இறங்கப் பார்த்து, எப்போது திரும்பிப் போவான் என்று விசாரித்தவள்.

நான் எதிர்வீடு. போன வாரம் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தபோது, அவள் தம்பி தன் சின்ன மகளோடும் ஒரு துணிப்பையோடும் வந்தான். தாயில்லாமல் இவள் வளர்த்த தம்பி. அந்தக் குழந்தை என்றால் இவளுக்கு உயிர். அவன் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வேறு பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். அக்கா விலாசத்தில் சேர்த்துவிடலாம் என்றான். ஊரார் பிள்ளையென்றால் சட்டம் பேசுவாள், தன் ரத்தமென்றால் கண்ணை மூடிக்கொள்வாள் என்று எனக்குச் சந்தேகம். பார்த்துவிடுவோம் என்று வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை நிஜமாகவே இங்கே இருக்கட்டும், நானே வளர்க்கிறேன் என்றாள் அக்கா. ஆசையாகத்தான் கேட்டாள், குரலே சொன்னது. அவன் தரையைப் பார்த்தான். அம்மா இல்லாமல் குழந்தை தூங்கமாட்டாள், சேர்த்த பிறகு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றான். அக்கா தலையசைக்கவில்லை.

"உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா இப்படிப் பேசமாட்டேக்கா."

அவள் மடியில் கிடந்த குழந்தையின் தலையைத் தடவினாள்.

"பொய்யா ஒண்ணு உள்ள வந்தா, நெசமா இங்க இருக்குற ஒண்ணு வெளிய நிக்கும்டா. அதுவும் யாரோ பெத்ததுதான்."

அத்தையின் சுட்டுவிரலை இறுகப் பிடித்தபடி குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது. அந்தப் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிறகு, தூக்கம் கலையாமல் தூக்கித் தம்பியின் தோளில் சாய்த்தாள்.