பெரட்டு சார்

ஈப்போவில் கணினிப் பொறியியல் சொல்லிக்கொடுத்த டாக்டர் ராமையாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலை எட்டு மணி வகுப்புக்கு முன்கூட்டியே வந்து, வருகைப் பதிவேட்டை விரித்தபடி வாசலில் நின்றுகொள்வார். மாணவர்களை வெளியிலேயே நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உள்ளே விடுவார். எட்டு அடித்ததும் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு வருகிறவர் மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ என்றால் ஒரு முறை முறைத்துவிட்டுக் கதவைத் திறப்பார். தமிழ்ப் பிள்ளை என்றால் கதவு திறக்காது. "இன்றைக்கு உனக்கு வகுப்பு இல்லை, போ" என்று மலாயில் சொல்லி, எல்லார் காதிலும் விழும்படி திருப்பி அனுப்புவார். பதிவேட்டில் அந்தப் பிள்ளை வரவில்லை என்று விழுந்துவிடும்.

இதற்கு அவர் வைத்திருந்த பெயர் நேர்மை. 'தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான்' என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். பல்கலைக்கழகத்தில் அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்வதற்கு அவர் இடம் கொடுத்தால்தானே!

ராமையா ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்தவர் அல்லர். தெலுக் இந்தான், தெலுக் ஆன்சனாக இருந்த காலத்தில், அதற்கும் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பிறந்தவர். அப்பாவின் பெயர் பத்துமலை, ரப்பர் பால் எடுக்க மரப்பட்டையை வெட்டுகிற வேலை. மகன் படிப்பில் கெட்டி. உபகாரச் சம்பளம் கிடைத்து இங்கிலாந்து போனவர், எழுபதுகளின் கடைசியில் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். அன்றைக்குத் தோட்டமே திரண்டு வந்து மாலை போட்டது. கோயில் ஒலிபெருக்கியில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மாலையைச் சுமந்துகொண்டு நின்றவருக்கோ எப்போது அங்கிருந்து கிளம்பலாம் என்றிருந்தது. அவரோடு ஒன்றாகப் படித்தவன் ஒருவன், பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிப் பிடித்தான். சட்டையில் ரப்பர் பால் நாற்றம் ஒட்டிக்கொண்டது. ஈப்போ வந்ததும் அந்தச் சட்டையை அவர் மறுபடி போடவில்லை.

பிறகு அவர் வகுப்புக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். தலையில் தேங்காய் எண்ணெய், அண்ணனுக்குத் தைத்த கால்சட்டை, புத்தகம் நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பை. அவர்களைக் கண்டாலே அவருக்கு உடம்பு கூசும். தன்னுடைய பழைய முகத்தை யாரோ மற்ற விரிவுரையாளர்களுக்குக் காட்டிக்கொடுப்பது போலிருக்கும். அவர்களோடு மறந்தும் தமிழில் பேச மாட்டார்.

பாடம் நடத்துவதில் குறை சொல்ல முடியாது. மாணவர்கள் நிரலை முதலில் தாளில் எழுத வேண்டும். வரி வரியாகக் கையாலேயே ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்று அவர் தலையாட்டிய பிறகுதான் கணினியைத் தொடலாம். துறையில் இருந்த கணினிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அது நல்ல முறைதான். ஆனால் கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் வராது.

எண்பத்தாறாம் ஆண்டு அவருக்கு ஓர் ஆசை வந்தது. கணினிப் பிரிவைத் தனித் துறையாக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர், ராமையாவும் ஒரு சீன விரிவுரையாளரும். அந்தப் பதவி தனக்கு வந்தால் அதோடு லயத்து வாசனை தன்னை விட்டுப் போய்விடும் என்று ராமையா மனசார நம்பினார். வேறு எதற்கும் அவர் அந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

டீன் பழைய காலத்து மனிதர், மலாய்க்காரர். முதுகுக்குப் பின்னால் பேசுவது அவருக்குப் பிடிக்காது. யாருடைய பாடம் எப்படி என்று மாணவர்களே சொல்லட்டும், அதுவும் நேருக்கு நேர் சொல்லட்டும் என்று எல்லாரையும் விரிவுரை மண்டபத்தில் கூட்டிவிட்டார். இரண்டு விரிவுரையாளர்களும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பது போல.

சீன விரிவுரையாளரைப் பற்றிக் கேட்டதும் கைகள் மளமளவென்று உயர்ந்தன. சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தருவார், எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ள மாட்டார் என்றார்கள். ராமையாவின் முறை வந்தபோது ஒரு கையும் எழவில்லை. கடைசியில் ஒரு சீன மாணவன் எழுந்து, "பாடம் நன்றாகப் புரியும். அவரைப் பார்த்தால்தான் பயம்" என்றான். "ரொம்பக் கராங்" என்று, கடுகடுப்பானவர் என்பதற்கான மலாய்ச் சொல்லை ஒரு மலாய் மாணவி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ராமையாவும் சிரித்து வைத்தார்.

டீன் சிரிக்கவில்லை. "ஓர் இந்திய மாணவனுக்கு வருகை போதவில்லை என்று டாக்டர் ராமையா தேர்வுக்குத் தடை போட்டிருக்கிறார். அவர் இந்திய மாணவர்களைத்தான் அதிகம் வெளியே அனுப்புகிறார் என்றும் என் காதுக்கு வந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

கடைசி வரிசையில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் ராமையா வாசலோடு திருப்பி அனுப்பாதவர் ஒருவர்கூட இல்லை. தேர்வுக்குத் தடை போடப்பட்ட மாயாண்டி அங்கே இல்லை. அவனுடைய கூட்டாளிகள் இருந்தார்கள்.

நவமணி எழுந்தாள். பாகான் டத்தோ தென்னந்தோட்டப் பக்கத்துப் பெண். சுத்தமான மலாயில், குரல் நடுங்காமல் பேசினாள். "டாக்டர் ராமையா எங்களிடம் கண்டிப்பாக இருப்பது எங்கள் நல்லதுக்குத்தான். மாயாண்டி வகுப்புக்கு வரவில்லை, அது அவன் தவறு. இப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்."

மற்ற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். டீனின் முகம் மலர்ந்துவிட்டது.

கூட்டம் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நவமணியும் அவளோடு படிக்கிற பிச்சைமுத்துவும் பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்த ராமையா, வாழ்க்கையில் முதல்முறையாகத் தம் டாட்சன் காரை அவர்கள் பக்கத்தில் நிறுத்தினார். தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு பேரும் ஏறிக்கொண்டதும் வாய் தானாகத் தமிழுக்குத் தாவியது.

"ரொம்ப நல்லாப் பேசுனேம்மா."

"சாருக்குத் தமிழ் வருமா?" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து. அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே அசந்துபோய்த்தான் கேட்டான். ராமையாவுக்குச் சுருக்கென்றது.

"நீ சொன்னதெல்லாம் நெசமாத்தானே நவமணி?" என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அத கேக்காதீங்க சார்."

"பரவால்ல, சொல்லும்மா."

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க கிளாஸுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு பெரட்டு. ஒங்களுக்குப் பெரட்டு சார். எட்டு மணி ஆகப் போவுதுன்னா வயித்தக் கலக்கும். ஒங்ககிட்ட படிச்சதுல எங்களுக்கு நல்லா வந்தது அந்தப் பயம்தான் சார்."

தோட்டத்தில் பிறந்தவருக்குப் பெரட்டு என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியாத வேளையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அது. வந்தவனுக்கு வேலை, பிந்தி வந்தவனுக்கு வசவு. ராமையாவுக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவு முழுக்கக் கண்விழித்த அப்பா பத்துமலை, மறுநாள் பெரட்டுக்குப் பிந்திப் போனார். "ஒனக்கு இன்னிக்கு வேல இல்ல, போ" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் சொன்னான். பத்துமலை வாளியும் கையுமாக வீட்டுக்குத் திரும்பி வந்தார். காரணத்தைக் கிராணி கேட்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. பாயில் படுத்திருந்த பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கிராணியைக் கொன்றுபோட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தான்.

கூசிப்போனார் மனிதர். "அப்புறம் ஏம்மா அப்படிப் பேசுனே?" என்று கேட்டார்.

"பின்ன? அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கையில நம்ம ஆள நாமளே எறக்கி விடுறதா? நம்ம வீட்டுச் சண்டைய நடுரோட்டுலயா போடுவாங்க?" என்றாள் நவமணி. சற்றுப் பொறுத்து, "மாயாண்டி லேட்டா வருவானே ஒழிய வராம இருந்ததே இல்ல சார். கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுப் போவான். நீங்க டீன்கிட்ட உள்ளதச் சொன்னா பரீட்ச எழுத விட்டுருவாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்குலா" என்றாள்.

"பாக்குறேன்" என்றார் ராமையா.

உள்ளதைச் சொல்வதென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிந்தி வந்த தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் வரவில்லை என்று எழுதினேன், அந்தப் பெண் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாயாண்டி தேர்வு எழுதுவான். தலைவர் பதவி சீன விரிவுரையாளருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை டீனின் அறைக்குப் போகத்தான் போனார். கதவைத் தட்டி உள்ளே நுழைந்ததுமே டீன் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். முடிவு ஆகிவிட்டது, துறை உங்களுக்குத்தான். மாணவர்கள் இவ்வளவு பாசமாகப் பேசி நான் கேட்டதே இல்லை" என்றார். ராமையா வாயைத் திறந்தார். "தெரிமா காசி டத்தோ" என்று மலாயில் நன்றிதான் வந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்றார். இப்போதுகூடத் திரும்பி உள்ளே போகலாம் என்று தோன்றியது. ஆனால் கால் நேரே கேண்டீனுக்குப் போனது.

தேர்வுகள் முடிந்தன. தேர்வு எழுதாத மாயாண்டியின் பெயரைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நவமணி அவரைக் கண்டால் முன்போலவே ஒதுங்கி வழிவிட்டாள், ஆனால் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள். புது அறையும் கதவில் பெயர்ப் பலகையும் வந்தன. சாப்பாடுதான் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய்க்கு அப்பால், மாயாண்டி இருந்த தோட்டத்துக்குப் போனார். தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவது, அடுத்த வருடம் அவனை எப்படியாவது திரும்பச் சேர்ப்பது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கார் லயத்துக்குள் நுழைந்ததும் அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாயாண்டியின் அம்மா இருளாயி பதறிப்போய் ஓடி வந்தாள். ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தாள், நடை சாய்ந்து சாய்ந்து இருந்தது. இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். மாயாண்டி உள்ளேயிருந்து வந்தான். கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் போலிருந்தது, முடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"வாங்க சார்" என்றான்.

ராமையா உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் ஆரம்பிப்பதற்குள் இருளாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மன்னிச்சிருங்க சாமி. நீங்க எம்புட்டோ சொல்லிக் குடுத்தும் என் மவன் ஒங்க பேரக் கெடுத்துட்டான். சார் மேல ஒரு தப்பும் இல்லம்மா, எனக்குத்தான் படிப்பு ஏறலன்னு அவனே சொன்னான். எனக்கும் இந்த முட்டி வலி. காலையில பாதி மரத்த அவன்தான் வெட்டிக் குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். அதுல லேட்டாயிருக்கும். எங்களால ஒங்களுக்குத் தலகுனிவு. மனசுல வச்சிக்காதீங்க சாமி."

ராமையா மாயாண்டியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவனும் தன்னைக் காப்பாற்றியிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வழி நெடுகச் சொல்லிப் பார்த்த சொற்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். லயத்தில் பிறந்து டாக்டரான மனிதரைப் பார்க்க வந்த ஆட்கள். எல்லார் முகத்திலும் பெருமை.

"பரவால்லம்மா, விடுங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல" என்றார் ராமையா.

சொல்லி முடித்த பிறகுதான், தான் அவர்களை மன்னித்துவிட்டது அவருக்கு உறைத்தது. காதெல்லாம் எரிந்தது. இருளாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, எம்புட்டுப் பெரிய மனசு!" என்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னாடா நிக்கிற? சார் கால்ல விழுந்து கும்பிட்டுக்க."

மாயாண்டி தலை நிமிர்ந்து ராமையாவை ஒரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவன் அம்மா சொன்னபடியே முன்னால் வந்து குனிந்தான்.

ராமையா காலைப் பின்னால் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.