அத்தான் ஓடாத பன்னிரண்டு கிலோமீட்டர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை, துவைத்து வந்த விரிப்புகளில் கறை பார்ப்பது. கடுகளவு கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாதென்று, துவைக்கும் நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம்.

அந்த அத்தானுக்கு ஐம்பது வயதில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. கடல் தாண்டி, நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இடமும் கிடைத்தது. முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்த மனுஷர் என்று அக்கா மல்லுக்கட்டிப் பார்த்தாள். டாக்டரே சரி என்றதும் வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரை அவர் தாண்டும்போதும் அவள் ஃபோனுக்குச் செய்தி வரும்படி, அவருக்குத் தெரியாமல் நான்தான் செய்து கொடுத்தேன்.

முப்பதைத் தாண்டியதும் அவருக்குக் கால் இழுத்துக்கொண்டது. முடியாதவர்களை ஏற்றிவரும் பேருந்து அவரை முடிவுக்கோட்டருகே இறக்கிவிட்டது. அங்கே பதக்கம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இவர் கழுத்திலும் ஒன்றை மாட்டிக் கைகுலுக்கினாள். மறுக்க இவருக்கு வாய் வரவில்லை. அதை மன்னிக்கலாம். கழற்றாமல் ஊர் வந்து சேர்ந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கூடத்தில் எல்லோரும் கைதட்டினோம். பதக்கத்தோடு எடுத்த படத்தை, அவர் கறை பார்க்கும் மேஜைக்கு நேர் மேலே மாட்டினோம். அதன்பிறகு அத்தான் ஒரு விரிப்பைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மஞ்சள் கறையோடு போனவற்றுக்காக வார்டிலிருந்து வசவு வந்தது. என்ன ஆயிற்று என்று நான் குடைந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். படத்தைப் பார்த்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்றார்.

முதலில் அக்காவிடம் சொல்லுங்கள் என்று வீட்டுக்கு இழுத்துப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் முழுசா ஓடல. பஸ்ஸுல வந்தேன்."

அக்கா திரும்பவில்லை. "தெரியும். முப்பதோட செய்தி நின்னுடுச்சு. நீங்க ஃபோன் பண்ண நாலு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் நீங்க செத்துட்டீங்கன்னுதான் உக்காந்திருந்தேன். பண்ணினதும், முடிச்சுட்டேன்னு சிரிச்சீங்க."

அந்த நாலு மணி நேரத்தில் பாதிக்கு மேல், தங்கியிருந்த விடுதி அறையில் உட்கார்ந்து, என்ன பொய் சொல்வதென்று யோசித்ததாக அத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல முடியாமல் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். நானும்தான். செய்தி வருகிறதா என்று அன்று நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.