படையலில் வைத்த பென் டிரைவ்

எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அமாவாசைப் படையலில் பென் டிரைவ் வைத்தோம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சிரித்தவர்களை நான் சும்மா விடவில்லை. "இதென்னடி லைட்டராட்ட இருக்குது" என்று கேட்ட பெரியம்மா என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குள் என் தம்பி இருக்கிறான் என்றுதான் அம்மாவும் நானும் நம்பியிருந்தோம்.

தம்பி காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆடி மாதம் ஒரு விடியற்காலையில், அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில், விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். கல்யாணம் ஆகாத பையன். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு மிஞ்சியது நான் ஒருத்தி. நானும் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஹாஸ்டலில் தங்கி, வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் வருகிறவள்.

எங்கள் கம்பெனியில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. துணியில் ஓட்டை விழுந்தாலும், சாயம் திட்டுத் திட்டாக ஏறினாலும், அதைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருந்து துணி வாங்குகிற பையருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அதற்காக வாங்கியது. தம்பி சாவதற்கு முந்தின பொங்கலுக்கு மேனேஜர் சாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கேமராவை ஊருக்குக் கொண்டுபோனேன். மாட்டுப் பொங்கல் அன்று கட்டுத்தறிக் கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி தம்பியின் தோளில் கிடந்த துண்டைக் கவ்வி இழுத்தது. அவன் விடாமல் இழுத்தான். இழுத்துக்கொண்டே வாய் நிறையச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் போட்டோவில் சிரித்ததே கிடையாது. கேமராவைக் கண்டால் ரேஷன் கார்டுக்கு நிற்பது போல விறைத்துக்கொள்கிற சனம்.

லீவு முடிந்ததும் படங்களை என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்து, கேமராவை மறுபடி ஓட்டைத் துணி எடுக்கக் கொடுத்துவிட்டேன். பிரிண்ட் போடவில்லையா என்று கேட்பீர்கள். போடவில்லை. கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தெனாவட்டுதான். தம்பி போன பிறகு நான் கேட்டேன், பெரிதாகப் போட்டு மாட்டலாமா என்று. அம்மா தலையை ஆட்டினாள். "மாலை போட்டு மாட்டுனா அவன் போனது நெசமாயிரும் கண்ணு. வருசம் திரும்பட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." காரியத்துக்குக்கூட லைசென்சில் இருந்த முறைத்த மூஞ்சியைத்தான் ஒட்டினோம். அது என் தம்பியே இல்லை.

தினமும் மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரி பார்க்காதது போல எழுந்து போய்விடுவாள். அப்படித்தான் இரண்டு மாதம் ஓடியது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் தெரியும்தானே, ஊரே துடைப்பமும் மண்ணெண்ணெய்த் துணியுமாக நிற்கும். ஓவர்லாக் மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவார்கள், கட்டிங் டேபிளைக் கழுவுவார்கள், மூலையில் கிடக்கிற கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு உண்டு. எங்கள் முதலாளி தோட்டங்காட்டில் இருந்து வந்தவர். எதையும் சுத்தமாக வைத்துக் கும்பிட வேண்டும் அவருக்கு. அந்த வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் வைரஸ் ஏறி நத்தை போல ஊர்ந்துகொண்டிருந்தன. "மெஷின மட்டும் தொடச்சாப் போதுங்களா? அந்த சிஸ்டத்தையும் ஒருக்காக் கழுவி உட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். கழுவுவது என்றால் உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டு முதலில் இருந்து போடுவது.

என் சிஸ்டத்துக்குள்தானே தம்பி இருந்தான். கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அன்றைக்கே போய்ப் புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். "வேற எது போனாலும் போகட்டுங்க. எந்தம்பி போட்டோ போச்சுன்னா உங்களச் சும்மா உட மாட்டேன்" என்றேன்.

"எக்கா, பயப்படாதீக. உங்க கண்ணு முன்னாலயே ஏத்தித் தாரேன்" என்றார். திரையில் தம்பி பேர் போட்ட மஞ்சள் ஃபோல்டர் ஒன்று இருந்தது. அதைத்தான் நான் தினமும் திறப்பேன். அதைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?"

"புது பென் டிரைவுல்லாக்கா. ஸ்பீடா ஏறும்."

நான் லேசுப்பட்டவளா? நம்பவில்லை. மவுசை அவர் கையில் இருந்து பிடுங்கி, பென் டிரைவுக்குள் நானே போய், அந்த ஃபோல்டரை நானே திறந்தேன். எல்லாப் படமும் வந்தது. பொங்கல் பானை, அம்மா, கட்டுத்தறி, கன்றுக்குட்டி, சிரிப்பு. ஒன்று விடாமல் கடைசிவரை பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் சிஸ்டத்தைத் தொடவிட்டேன். மறுநாள் கழுவி முடித்த கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"கண்ட சிஸ்டத்துல சொருகிறாதீகக்கா. வைரஸ் உள்ள இருக்கறதத் தின்னுப்புடும்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு எனக்கு வேதவாக்காகிவிட்டது. வீட்டில் ஏது கம்ப்யூட்டர்? ஆபீஸிலும் சொருகவில்லை. ஊருக்குக் கொண்டுபோய், பனியன் துணியில் சுற்றி, பீரோ லாக்கரில் அம்மாவின் வளையலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரம் படக்கூடாது, சூடு படக்கூடாது, கீழே விழக்கூடாது என்று அம்மாவுக்கு ஆயிரம் சட்டம் போட்டேன்.

அவள் என்னைவிட ஒரு படி மேலே போனாள். அமாவாசை வந்தால் தம்பிக்கு இலை போடுவாள். லைசென்ஸ் போட்டோவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பென் டிரைவை எடுத்து, மூடியில் திருநீறு பூசி, இலைக்கு முன்னால் ஒரு மணைப்பலகையில் வைப்பாள். "இதுலதான் அவன் சிரிச்சுட்டு இருக்கறான்" என்பாள். ஒப்புட்டுப் போளியும் பருப்புச் சாதமும் நெய்யும் அதற்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, அதை மறுபடி துணியில் சுற்றி லாக்கரைப் பூட்டுவாள். ஒரு அமாவாசைகூட விடவில்லை.

வருஷ திதி நெருங்கியது. அம்மாவே ஒரு நாள், "போட்டுரலாம் கண்ணு" என்றாள். காங்கேயத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, பென் டிரைவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோக்காரரிடம், "சன்னல் அகலத்துக்குப் போடோணுந் தம்பி. வந்து போற சனமெல்லாம் பாக்கோணும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிச் சொருகினார்.

மஞ்சள் ஃபோல்டர் வந்தது. தம்பி பேர் இருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தப் பேர் மட்டும் தெரியும், விரலை நீட்டினாள். ஸ்டூடியோக்காரர் அதை அமுக்கினார். படம் வரவில்லை. ஏதோ இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. மூடிவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே பெட்டி.

"ஏனுங்க, இதுல போட்டோவே இல்லீங்களே" என்றார்.

"இல்லாம எங்கீங்க போகும்? உங்க கம்ப்யூட்டர்தான் கோளாறு" என்று சத்தம் போட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கேயும் அதே பெட்டிதான் வந்தது. மறுபடி ஸ்டூடியோவுக்கே வந்து, "நான் பாத்தனுங்க. எங்கண்ணால ஒவ்வொரு படமாப் பாத்தனுங்க" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாவம், பொறுமையான மனிதர். அந்த ஃபோல்டரின் மூலையில் இருந்த ஒரு சின்ன அம்புக்குறியைக் காட்டினார். "இது போட்டோ இல்லீங்க. போட்டோ எங்க இருக்குதுன்னு காட்டற வழி மட்டுந்தாங்க. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சுத் தொறந்தப்ப, அது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளாற இருந்ததத்தாங்க எடுத்துக் காட்டிருக்குது. நீங்க ஊட்டு அட்ரசை மட்டும் எழுதிட்டு வந்துட்டீங்க. அங்க ஊட்டையே இடிச்சுப்போட்டாங்க."

அட கடவுளே! சரிபார்த்தேனே. மவுசைப் பிடுங்கிச் சரிபார்த்தேனே. அழிக்கப் போகிற கம்ப்யூட்டரிலேயே வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். வேறு எந்தக் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தாலும் அன்றைக்கே தெரிந்திருக்கும். வைரஸ் தின்றுவிடும் என்று பயந்து பூட்டி வைத்தோமே, தின்பதற்கு அதில் என்ன இருந்தது?

அம்மாவுக்கு இது புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போகிற பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் யாருக்குக் கண்ணு சோறு வெச்சேன்?"



மறுநாள் ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்ததும் பென் டிரைவை அவர் மூஞ்சியைப் பார்த்து வீசினேன். நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. "எந்தம்பிய ரெண்டாவது தடவ கொன்னுட்டயேடா" என்று கத்தினேன். அதுவரை வெளியாள் யாரையும் நான் டா போட்டதில்லை. அவர் பென் டிரைவைப் பொறுக்கிச் சொருகிப் பார்த்தார்.

"எக்கா, நீங்களும் பாத்தீகளேக்கா" என்றார்.

அவர் என் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்து, அழிந்ததைத் தேடுகிற ஏதேதோ புரோகிராம் போட்டார். அதில்தான் ஒரு வருஷமாக ஆர்டரும் பில்லும் சாம்பிள் படமுமாக ஏற்றி ஏற்றித் திணித்திருந்தோமே. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் கேமராவின் கார்டை வாங்கினார். அதிலும் எத்தனையோ ஓட்டைத் துணிப் படங்கள் மேலே மேலே ஏறியிருந்தன. "ஞாயித்துக்கெழம வாங்கக்கா. ஒண்ணு ரெண்டு தப்பிச்சுக் கெடந்தாலும் கெடக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சொன்னால் கேட்கிறவளா? கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் ஓடாத கம்பெனி, ஆபீஸ் ரூமில் அவர் மட்டும் இருந்தார். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்ணே ஒண்ணு கெடச்சிருக்குக்கா. ஆனா அம்மாவுக்குக் காட்ட வேண்டாம்" என்றார்.

அதற்குள் அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பிதான். கட்டுத்தறிக் கூரை, தலைமுடி, நெற்றி, சிரிப்பில் சுருங்கின கண்கள், மூக்கு. அதோடு சரி. மூக்குக்குக் கீழே ஒரு கோடு கிழித்தது போலப் படம் நின்றுபோய், கடைசிவரை வெறும் சாம்பல் நிறம். வாயும் இல்லை, துண்டும் இல்லை, கன்றுக்குட்டியும் இல்லை.

அம்மா முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். சேலைத் தலைப்பை எடுத்து அந்தச் சாம்பல் இடத்தைத் துடைத்தாள். போகவில்லை. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, "கீழ எதையோ போட்டு மூடி வெச்சிருக்கறீங்க சாமி. அத எடுத்துருங்க. எம்பட பையன் சிரிக்கறதப் பாக்கோணும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதாம்மா இருக்குது" என்றேன்.

"அதெப்படிக் கண்ணு? நெத்தி இருக்குது, மூக்கு இருக்குது, வாயி மட்டும் எங்க போயிரும்? நல்லாத் தேடச் சொல்லு."

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கார்டை மறுபடி முதலில் இருந்து தேடவிட்டார். வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.