அம்மா பார்த்த பாம்பு

எங்கள் சொந்தத்தில் யாராவது வீணாகப் பயந்தால், "இன்னா, இவ அம்மா பார்த்த பாம்பா?" என்று என்னைக் காட்டிக் கேட்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் அந்தக் கதை வராமல் இருக்காது. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்தப் பாம்பு வந்தபோது எனக்குப் பத்து வயது.

அப்பா இறந்தபின் கேளம்பாக்கத்து வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு வந்தோம். பயிர் வைத்த நிலத்தை மனைகளாக விற்றுவிட்டு, வீட்டின் பின்பக்கம் மிக்சரும் முறுக்கும் போட்டுக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் பெரியப்பா. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்ற என்னை, "வர்ற ஜூன்ல சேத்துடலாம்" என்றார். அந்த ஜூனும் வந்தது. தீபாவளி ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே அதைத் தாண்டிப் போனோம்.

மிக்சர் கவர் ஒட்டுவது என் வேலை. சூடான கம்பிகளுக்கு நடுவே கவரின் வாயை வைத்துக் காலால் கட்டையை மிதித்தால் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் விரலும் சேர்ந்து ஒட்டும். எதிர்த் தெருக் கொத்தனாரின் மகள்கள் இரண்டு பேர், என்னைவிடச் சின்னவர்கள், கவரை நிரப்பித் தருவார்கள். பெரியப்பா எனக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருந்தார். அதை நான் முழுசாக நம்பினேன். காலையில் ஸ்கூல் வேனில் நெருக்கியடித்துப் போகும் பிள்ளைகளைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு ஒரு வேலை கிடைக்கவில்லையே என்று பரிதாபப்பட்டதும் உண்டு.

அம்மா பெரியப்பாவிடம் கேட்காமல் இல்லை.

"மாமா, புள்ளய ஸ்கூலுக்கு..."

"பொம்பளப் புள்ள படிச்சி இன்னா ஆவப்போவுது? நம்ம வூடு, நம்ம தொழிலு. வெளியவா அனுப்பறோம்?"

அம்மா முறுக்குப் பிழியத் திரும்பிவிட்டாள். அவள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதே கிடையாது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தெருவுக்குள் பாம்பு வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் முற்பகல் வாசலில் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. பெரியம்மா ஓடிவந்து எங்கள் மூன்று பேரையும் சாமான் அறைக்குள் தள்ளினாள்.

"மூட்டைக்குப் பின்னால குந்துங்க. மூச்சு வுடக்கூடாது. புடிச்சிகினு பூடுவாங்க."

கதவு வெளியே தாழிடப்பட்டது. கடலைமாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சின்னவள் தும்மிவிடாதபடி அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் அல்லவா.

வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது. "சின்னப் புள்ளைங்களா? நம்மகிட்ட ஏது சார்? எல்லாம் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்கதான். மிக்சர் சாப்டுங்க சார்."

"அது என்ன ரூம்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"மாவு மூட்ட கீதும்மா. எலித் தொல்ல, தொறக்கறதில்ல."

கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு காலடிச் சத்தம் வாசல் பக்கம் போனது. ஜெயித்துவிட்டோம் என்று நான் சின்னவளின் மூக்கை விட்டேன். அப்போதுதான் அம்மா கத்தினாள்.

"ஐயோ பாம்பு! ரூமுக்குள்ள பாம்பு பூந்துடுச்சி! பாப்பா, வெளிய வாடி!"

தாழ்ப்பாள் திறந்ததுதான் தெரியும். உடம்பெல்லாம் மாவோடு மூன்று பேரும் அலறிக்கொண்டு ஓடி, சத்தம் கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த, அறையைப் பற்றிக் கேட்ட அக்காவின் புடவையில் போய் மோதினோம். ஜீப் டிரைவர் கம்போடு உள்ளே போய் மூட்டைகளைத் தள்ளிப் பார்த்தார். சுருண்டு கிடந்தது ஒரு கறுப்பு ரப்பர் டியூப். கூட வந்த பெண் போலீஸ் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். "என்ன படிக்கிற?" என்று அந்த அக்கா கேட்டார். "படிக்கல, சூப்பர்வைசர்" என்றேன். அவர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் படிக்க அனுப்புகிறேன் என்று அம்மா உறுதி சொன்ன பிறகு அவளோடு அனுப்பினார்கள்.

மறுநாளே, என்னைப் போலப் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களுக்கான பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். ஓட்டலிலும் செங்கல் சூளையிலும் இருந்து வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வகுத்தல் எனக்கு மறந்தே போயிருந்தது. பென்சில் பிடித்தால் விரல் எரிந்தது. முதல் வாரம் கவர் ஒட்டும் மெஷினை நினைத்து அழுதேன். பிறகு மையத்து டீச்சர் கதை வாசிக்கும் நேரத்துக்காக, பஸ் நிற்பதற்குள் இறங்கி ஓட ஆரம்பித்தேன். அடுத்த ஜூனில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கொத்தனாரின் மகள்களும் அதே பள்ளிக்கு வந்தார்கள். அதிகாரிகள் அவ்வப்போது வந்து விசாரித்ததால் பெரியப்பா வாய் திறக்கவில்லை. பெரியம்மா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பல வருஷம் கழித்து, நாவலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்று ஜீப்பில் வந்த அந்த அக்காவைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்த்தேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா? பேரு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லி, எங்க ஆபீசுக்கு அவங்கதான் வந்து புகார் சொன்னாங்க. அன்னைக்கு சார் கிளம்பலாம்னு சொன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு. நல்லவேளை, பாம்பு வந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "பாம்பு மாரிதான்டி இருந்துச்சி" என்றாள், தலை நிமிராமல்.

அந்தக் காலத்தில், நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்து சில வாரங்களில், பெரியப்பா மேல் போட்ட வழக்கு அபராதத்தோடு முடிந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பெரியப்பா. பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சேலையூருக்குப் போனோம். பள்ளிச் சீருடையில் இருந்த எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நீ கத்தாம இருந்திருந்தா நம்மள அனுப்பியிருப்பாங்களா? டியூபுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"கண்ணு சரியா தெரியலடி."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. "சரி வுடு. நான் நல்லா படிச்சி வேலைக்குப் போயி, மொத சம்பளத்துல உனக்குக் கண்ணாடி வாங்கித் தரேன்" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரித்தாள். ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். கண் தெரியாமல் போனதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று, சேலையூர் வரும்வரை யோசித்தும் எனக்குப் புரியவில்லை.